போக முடிந்தவர் ஏன் நிற்கிறார்?

(கோவையில் சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோரிடமும் பணியாளர் துறை அலுவலர்களிடமும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அவிநாசி சாலையில் திருப்பூர் பக்கம் போனால் வழிநெடுக ஒரே வாசகம்தான் கண்ணில் படும். மின்கம்பத்திலும் கம்பெனி கேட்டிலும் ஆட்டோவின் பின்புறத்திலும் "ஆட்கள் தேவை. டைலர், செக்கிங், ஹெல்ப்பர். தங்குமிடம் உண்டு" என்று எழுதியிருக்கும். கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் வந்தால் டைலருக்குப் பதிலாக சி.என்.சி. ஆபரேட்டர், வி.எம்.சி. செட்டர், வெல்டர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்த அட்டையை அச்சடித்துக் கட்டியவர்கள். திறமையான ஆட்களை ஈர்ப்பது, வழிநடத்துவது, தக்கவைப்பது என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. ஆள் நிற்கும் இடம் என்று பெயர் வாங்கிய கம்பெனிக்கு ஆள் தானாக வருவதை, பணியாளர் துறையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு டர்னர் சேர்ந்து ஆறு மாதம் நிம்மதியாக வேலை செய்தால், தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது தம்பியையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு வருவார். அந்த ஆறு மாதத்தில் அவர் மனம் கசந்துபோனால், அந்த ஊரிலிருந்து அதன்பிறகு யாரும் நம் கேட்டை எட்டிப் பார்க்கமாட்டார்கள். எந்த விளம்பரத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

திறமையான ஊழியர் என்று யாரைச் சொல்வது? மதிப்பெண், சான்றிதழ், அனுபவ ஆண்டுகள் என்று பல அளவுகோல்கள் இருக்கின்றன. நடைமுறையில் எனக்கு ஒன்று போதும். இன்று வேலையை விட்டால் இந்த வாரம் முடிவதற்குள் வேறு இடத்தில் சேர முடிந்தவர் யாரோ, அவர் திறமையானவர். சந்தையே அவருக்குச் சான்று தருகிறது. அப்படிப் போக முடிந்தவர் ஏன் போகாமல் நம்மிடம் இருக்கிறார்? ஒவ்வொரு நிர்வாகமும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நாம் அதை விட்டுவிட்டு, அவரைப் போகவிடாமல் எப்படிப் பிடித்துவைப்பது என்று யோசிக்கிறோம். இந்த இரண்டு கேள்விகளும் இரண்டு வேறு திசைகளுக்குக் கொண்டுபோகின்றன.

பிடித்துவைக்கும் வழிகள் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. சேரும் நாளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ என்று மூலச் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிவைப்பது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் பாண்ட் எழுதி வாங்குவது. தொண்ணூறு நாள் நோட்டீஸ் என்று போட்டு, போகிறேன் என்றவரை மூன்று மாதம் அலைக்கழிப்பது. அனுபவச் சான்றிதழ் தராமல் இழுத்தடிப்பது. ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கணக்குப் பிரிவில் இருந்தார். அரசுத் தேர்வு ஒன்றில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்திருந்தது. மூலச் சான்றிதழ்கள் கம்பெனி பீரோவில் இருந்தன. எம்.டி. வெளியூர் போயிருக்கிறார், சாவி அவரிடம் இருக்கிறது என்று தினமும் ஒரே பதில். அந்தப் பெண்ணின் அப்பா வேலை நேரத்தில் வந்து வாட்ச்மேன் அறைக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றதை அத்தனை ஊழியர்களும் பார்த்தார்கள். சான்றிதழ் கடைசியில் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அந்தக் கம்பெனி ஒரு கணக்காளரோடு நின்றுவிடாமல், பார்த்துக்கொண்டிருந்த எல்லோரையும் மனதளவில் இழந்தது. ஒருவருடைய படிப்புச் சான்றிதழ் அவருடைய சொத்து. அதைப் பூட்டிவைப்பது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதே நேரம், வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் நியாயமான நிபந்தனைகளை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுதான் வருகின்றன. விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பாண்ட் போடுகிற நிர்வாகங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். எனக்கு அந்த வழக்கில் வேறொன்று முக்கியமாகப் பட்டது. வழக்குத் தொடுத்த அதிகாரி இரண்டு லட்சத்தைக் கட்டிவிட்டு இன்னொரு வங்கிக்குப் போய்விட்டார். வழக்கு அதன்பிறகுதான் நடந்தது. வங்கி வழக்கில் ஜெயித்தது, ஆள் போனது போனதுதான்.

பாண்டின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. வெளியே மதிப்புள்ளவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போவார், அல்லது அவரை எடுக்கிற கம்பெனியே கட்டிவிடும். பணம் கட்ட வழியில்லாதவரும் வெளியே இடம் கிடைக்காதவரும் மட்டும் உள்ளே இருப்பார்கள். யாரைத் தக்கவைக்கப் பூட்டுப் போட்டோமோ அவர் அந்தப் பூட்டுக்கு அகப்படமாட்டார்.

இதே காரணத்தால் விலகல் விகிதம் என்கிற எண்ணையும் நான் முழுக்க நம்புவதில்லை. கொரோனாவுக்குப் பிந்தைய காலத்தில் மென்பொருள் கம்பெனிகள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸின் விலகல் விகிதம் 28 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த இரண்டு ஆண்டில் எல்லா மேலாளர்களும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்களா? வெளியே வேலைகள் குறைந்தன, போக இடமில்லாமல் நின்றார்கள். சந்தை மறுபடி சூடு பிடித்தால், அப்படி நின்றவர்களில் எத்தனை பேர் மனதளவில் எப்போதோ கிளம்பிவிட்டவர்கள் என்பது தெரிந்துவிடும்.

சம்பளம் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பில் நேர்மையாகப் பேச முடியாது. மரியாதை கொடுத்தால் போதும், சம்பளம் இரண்டாம்பட்சம் என்று சொல்லும் மேடைப் பேச்சுகள் எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்துச் செலவு மூன்றுக்கும் மரியாதையைக் கொடுத்து ரசீது வாங்க முடியாது. சம்பளத்தால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்று காட்ட நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் கார் ஆலை இருந்தது. 1913-இல் அங்கே நகரும் அசெம்பிளி லைன் வந்தது. அதுவரை ஒரு மெக்கானிக் பல வேலைகளை நடந்து நடந்து செய்வார். இப்போது அவர் நின்ற இடத்திலேயே நிற்க, வேலை அவரைத் தேடி நகர்ந்து வந்தது. நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்க வேண்டும். உற்பத்தி எகிறியது. ஆட்கள் ஓடினார்கள். அந்த ஓர் ஆண்டில் விலகல் விகிதம் 370 சதவீதம். ஏறக்குறைய பதினாலாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையை நிரப்பிவைக்க அந்த ஆண்டு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சேர்த்தார்கள். கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர் தினமும் வேலைக்கு வரவில்லை.

1914 ஜனவரி 5-ஆம் தேதி ஃபோர்ட் அறிவித்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதுவரை ஒன்பது மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி 2.34 டாலர். இனி எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர். மறுநாளிலிருந்து ஆலை வாசலில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். கூட்டத்தைக் கலைக்க, உறையும் குளிரில், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். விலகல் விகிதம் 1914-இல் 54 சதவீதம் ஆனது, 1915-இல் 16 ஆனது. தான் எடுத்த செலவுக் குறைப்பு நடவடிக்கைகளிலேயே மிகச் சிறந்தவற்றில் அது ஒன்று என்று பின்னாளில் ஃபோர்ட் எழுதினார். கூலியை இரட்டிப்பாக்கியதைச் செலவுக் குறைப்பு என்று சொல்லும் கணக்கு நம்மில் பலருக்குப் புரிவதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆகும் செலவு நம் லெட்ஜரில் தனித் தலைப்பாக வருவதே இல்லை, அதனால்தான் புரிவதில்லை.

இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. ஐந்து டாலர் அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்பு, 1913 அக்டோபரில், ஜான் லீ என்ற அதிகாரி ஆலையில் சில மாற்றங்கள் செய்தார். அதுவரை ஒரு ஃபோர்மேனுக்கு யாரையும் எந்த நேரத்திலும் வேலையைவிட்டுத் துரத்தும் அதிகாரம் இருந்தது. பிடிக்காதவரை அனுப்பலாம், சொந்தக்காரரைச் சேர்க்கலாம். ஒரே வேலைக்குப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு வேறு வேறு கூலி. லீ அந்த அதிகாரத்தைப் பறித்தார். கூலிப் படிகளைக் குறைத்து ஒழுங்குபடுத்தினார். எந்தத் திறமை வந்தால் எந்தப் படிக்கு ஏறலாம் என்பதைத் தெளிவாக்கினார். ஆக ஐந்து டாலர் வருவதற்கு முன்பே மேஸ்திரியின் கையிலிருந்து சாட்டை போய்விட்டது. நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் டாலரை மட்டும் சொல்கிறார்கள்.

கதையின் பிற்பகுதி கசப்பானது. ஐந்து டாலர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தொழிலாளி வீட்டில் குடிக்கிறாரா, சுத்தமாக இருக்கிறாரா, சேமிக்கிறாரா என்று பார்க்கக் கம்பெனி ஆட்களை வீட்டுக்கே அனுப்பியது. முதலில் பெண்களுக்குத் தரவே இல்லை. இருபது ஆண்டுகள் போனதும் அதே ஃபோர்ட் கம்பெனி, தொழிலாளர்கள் சங்கம் வைப்பதைத் தடுக்க அடியாட்களை வைத்திருந்தது. 1937-இல் துண்டறிக்கை கொடுக்க வந்த சங்கத்தினரைப் பாலத்தின்மேல் வைத்து அடித்தார்கள். பெரிய மூன்று கார் கம்பெனிகளில் கடைசியாகச் சங்கத்தை ஏற்றுக்கொண்டது ஃபோர்ட்தான், 1941-இல், ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. கூலியை இரட்டிப்பாக்கி உலகத்தையே பேசவைத்த கம்பெனியில் இப்படி நடந்தது. கூலி ஆளைக் கேட்டுக்குள் கொண்டுவரும். உள்ளே வந்தவர் வாயைத் திறக்க முடியவில்லை என்றால் அந்தக் கூலி வாயை அடைப்பதற்கான விலையாகத்தான் அவருக்குத் தெரியும்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் எழுதிய புத்தகம் இதைப் பற்றியது. ஒரு அமைப்பு மோசமாகும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழிகள், வெளியேறுவது அல்லது வாய்விட்டுச் சொல்வது. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்வரை, விசுவாசம் உள்ளவர் வெளியேறுவதைத் தள்ளிப்போடுவார். நம் கம்பெனிகளில் வாய்விட்டுச் சொல்பவரைத் தலைவலி என்று நினைக்கிறோம். இன்னும் சொல்கிறார் என்றால் இன்னும் போக முடிவெடுக்கவில்லை என்று பொருள். குறை சொல்லிக்கொண்டே இருந்த நல்ல ஃபிட்டர் ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், சூப்பர்வைசர் நிம்மதியடைகிறார். நானாக இருந்தால் அன்று மாலையே அவரைக் கூப்பிட்டுப் பேசுவேன்.

நம் கோவைக்கு வருவோம். சி.என்.சி. இயந்திரங்கள் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் கண்ணால் பார்த்தது. ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் மூன்று வருஷமாக ஒரே இயந்திரத்தில் ஆபரேட்டர். பீஸை மாட்டுவான், கதவைச் சாத்துவான், பச்சைப் பட்டனை அழுத்துவான், முடிந்ததும் எடுத்து அளந்து டிரேயில் வைப்பான். புரோகிராமைத் தொட அவனுக்கு அனுமதி இல்லை. ஆஃப்செட் மாற்ற வேண்டுமென்றால் செட்டரைக் கூப்பிட வேண்டும், செட்டர் வேறு இயந்திரத்தில் இருந்தால் காத்திருக்க வேண்டும். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஜாப் கார்டின் பின்பக்கத்தில், இன்செர்ட் எத்தனையாவது பீஸில் தேயத் தொடங்குகிறது, அப்போது சத்தம் எப்படி மாறுகிறது, அளவு எவ்வளவு ஏறுகிறது என்று பென்சிலால் குறித்துவைப்பான். காலை ஷிப்ட்டுக்கும் இரவு ஷிப்ட்டுக்கும் கூலன்ட் சூட்டால் வரும் வித்தியாசம்கூட அதில் இருந்தது. பல மாதக் குறிப்பு. அந்தப் பட்டறையில் ரிஜெக்ஷன் ஏன் வருகிறது என்று ஆலோசகருக்குப் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் அந்தக் கார்டுகளின் பின்பக்கத்தில் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் கார்டுகளைக் கட்டிப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள்.

அந்தப் பையன் போய்விட்டான். அதிகச் சம்பளத்துக்குப் போனான் என்றுதான் ரெஜிஸ்டரில் எழுதினார்கள். அவன் போனது இதைவிடச் சின்ன இடத்துக்கு, ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு. அங்கே அவனை செட்டிங் செய்யவிட்டார்கள். மூன்று வருஷம் பட்டன் அழுத்தியவனுக்கு யாரோ ஒருவர் சாவியைக் கொடுத்தார், அவ்வளவுதான் விஷயம். போக முடிந்தவர் ஏன் நிற்கிறார் என்ற கேள்விக்கு நான் கண்ட பதில்களில் முதலாவது இதுவே. போன வருஷம் செய்ய முடியாத ஒன்றை இந்த வருஷம் செய்ய முடிகிறது என்ற இடத்தில் அவர் நிற்கிறார். இங்கே இன்னும் கற்றுக்கொள்ள இருக்கிறது என்று தெரிந்தவரைக் கொஞ்சம் கூடுதல் சம்பளம் அசைத்துவிடாது. கற்றுக்கொள்வது நின்றுபோன இடத்தில், அவரை எந்தக் கூடுதலாலும் நெடுநாள் நிறுத்திவைக்க முடியாது.

இதைக் கம்பெனியின் அமைப்பாகவே ஆக்கிக் காட்டிய இடம் வெகுதூரத்தில் இல்லை, மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவை செய்தவர். கண்புரையால் பார்வையிழப்பவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கண் மருத்துவர்கள் கொஞ்சம் பேர்தான். நாம் சொல்கிற ஆள் பற்றாக்குறையைவிடப் பெரிய பற்றாக்குறை அது. ஆட்கள் தேவை என்று அவர்கள் போர்டு மாட்டியிருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் செய்தது வேறு. ஓர் அறுவை சிகிச்சையில் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது எது, நன்றாகப் பயிற்சி பெற்ற வேறொருவர் செய்யக்கூடியது எது என்று வேலையைப் பிரித்தார்கள். பார்வை அளப்பது, லென்ஸ் சக்தி கணக்கிடுவது, நோயாளியைத் தயார்செய்வது, கருவிகளை அடுக்குவது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்வது இவை எல்லாவற்றுக்கும் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள். மதிப்பெண்ணைவிட மனப்பாங்கைப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி, உதவித்தொகை, தங்குமிடம். டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியார் இந்தப் பயிற்சியை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்.

அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு மேசையில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கையுறை போட்ட அந்தப் பெண்கள், அவர் வாய்திறந்து கேட்பதற்கு முன் அடுத்த கருவியை நீட்டுவார்கள். இந்தியாவின் சராசரி கண் மருத்துவரைவிடப் பல மடங்கு அறுவைகளை அங்குள்ள மருத்துவர் செய்ய முடிவதற்கு அந்தப் பெண்களின் கைகள் காரணம். அங்கே பணிபுரிவோரில் பெரும்பகுதி அவர்கள்தான்.

இதில் நமக்கான பாடம் எங்கே இருக்கிறது என்றால், அந்தப் பெண்களில் பலர் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுத் திருமணமாகிப் போய்விடுவார்கள். இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். போகிறார்கள் என்று புலம்பவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதை மருத்துவமனையின் அன்றாட வேலையாகவே வைத்துக்கொண்டார்கள். இருப்பவர்களுக்கோ அரங்கு, பரிசோதனை, பயிற்சி கொடுப்பது, நிர்வாகம் என்று ஏறிப்போகப் படிகள் இருந்தன. 1992-இல் அவர்கள் தொடங்கிய பயிற்சி நிறுவனம் மற்ற கண் மருத்துவமனைகளுக்கும் தங்கள் முறையைச் சொல்லித் தருகிறது. போட்டியாளருக்குத் தொழில் ரகசியம் சொல்லிக் கொடுக்கும் கம்பெனியை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்? அதனால் அரவிந்த் சிறுத்துவிடவில்லை.

தொழில்துறையிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, மென்பொருள் கற்றுத்தரும் பள்ளியை ஜோஹோ இருபது ஆண்டுகளாக நடத்துகிறது. தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகமே வைத்திருக்கிறது. சென்னைக்கு ஆள் வர வேண்டும் என்று காத்திராமல் ஆள் இருக்கும் ஊருக்கு வேலையைக் கொண்டுபோனார்கள். நம் கோவையின் தொழில் வரலாற்றிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1926-இல் அமைந்த பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழில்கூடத்தில் படிப்பதும் இயந்திரம் செய்வதும் ஒரே கூரைக்குக் கீழ் நடந்தன. அங்கே கற்றவர்கள் வெளியே போய்ப் பட்டறை வைத்தார்கள். அப்படி வெளியே போனவர்களும் சேர்ந்துதான் இந்த ஊரை பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர்பெற்ற ஊராக ஆக்கினார்கள். நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்ததை நாம் ஆள் அனுப்பும் ஏஜென்ட்டிடம் விட்டுவிட்டோம்.

இனி வழிநடத்துவது பற்றி. மேலாளர்களால் உண்மையில் பயன் உண்டா என்ற சந்தேகம் கூகுளில் இருந்தது. பொறியாளர்களை அவர்கள் பாட்டுக்கு வேலை செய்யவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் அங்கே நிறைய. 2008-ஆம் ஆண்டு வாக்கில் தங்களிடமிருந்த தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். நல்ல மேலாளரின் கீழ் இருப்பவர்கள் அதிகம் நிற்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள் என்று தெரிந்தது. நல்ல மேலாளரின் குணங்களாக அவர்கள் கண்ட எட்டில் கற்றுக்கொடுக்கத் தெரிந்திருப்பது முதலாவதாக நின்றது. தொழில்நுட்பத் திறமை எட்டாவது.

நம் பட்டறையில் சூப்பர்வைசரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? நன்றாக வேலை தெரிந்தவரைத் தூக்கி மேலே போடுகிறோம். நல்ல டர்னர் ஒருவரை இழக்கிறோம். ஆளை நடத்தத் தெரியாத சூப்பர்வைசர் ஒருவர் கிடைக்கிறார், அவரால் இன்னும் நான்கு டர்னர்களை இழக்கிறோம். ஏன் இப்படிச் செய்கிறோம்? அவருக்குச் சம்பளம் ஏற்ற நமக்கு வேறு வழி வைத்துக்கொள்ளவில்லை. கைத்தொழிலிலேயே மேலே போகத் தனிப் படி வையுங்கள். பத்து மைக்ரானில் வேலை எடுக்கிறவருக்கு சூப்பர்வைசரைவிட அதிகச் சம்பளம் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. சூப்பர்வைசர் நாற்காலியில், கற்றுக்கொடுப்பதில் மகிழ்ச்சி காண்பவரை உட்கார வையுங்கள். அவரிடம் மாத உற்பத்தி எவ்வளவு என்று கேட்கும்போது, உங்களிடம் இருக்கும் எத்தனை பேர் இந்த மாதம் புதிதாக ஒன்றைக் கற்றார்கள் என்றும் கேளுங்கள்.

வேலையிடம் மாறிவிட்டது என்று சொல்கிறோம். வேலைக்கு வருபவர்கள் மாறியிருப்பதுதான் அதில் பெரிய மாற்றம். வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஃபவுண்டரியில் வார்ப்பு ஊற்றுபவருக்கு அது பொருந்தாது, அதனால் அதில் நேரம் செலவிடவில்லை. நம் தளத்தில் நிற்பவர்களில் பெண்கள் அதிகமாகியிருக்கிறார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். இவர்களுக்கு, வேலை முடிந்து போய்ப் படுக்கும் இடமும் வேலையின் ஒரு பகுதிதான். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்ற பெண்கள் ராத்திரியில் பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விலையுயர்ந்த போன்களைச் செய்யும் அந்த ஆலை மூன்று வாரத்துக்கு மேல் நின்றது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், சிப்காட் கட்டிய, 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு அந்த ஆலைப் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. அதற்காக அந்தப் பெண்கள் சாலைக்கு வந்து உட்கார வேண்டியிருந்திருக்கக் கூடாது. அதே பகுதியில், சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சுற்றுவட்டாரச் சராசரியைவிட அதிகச் சம்பளம் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதுதான் தொழிலாளர்களின் முக்கியக் கோரிக்கை. ஹைலேண்ட் பார்க்கிலிருந்து சுங்குவார்சத்திரம் ரொம்பத் தூரமில்லை.

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரித்துக்காட்டும் பெண்ணுக்கு உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்பதற்கு, 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டம்வரை போன சமுதாயம், ஆள் நிற்கவில்லை என்று குறைப்படலாமா?

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எத்தனை கம்பெனிகளில் அவர்களுடைய பெயர் சூப்பர்வைசருக்குத் தெரியும்? "ஏய் ஹிந்தி", "பாய்", அதைவிட மோசமான சொல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் ரயிலுக்குக் காத்து நின்றபோது, எந்த முதலாளி சோறு போட்டார், எவர் போனை எடுக்கவில்லை என்பது அவர்களுடைய ஊர்களில் இன்றும் பேசப்படுகிறது. அப்போது சோறு போட்டவர்களிடம் அதே ஆட்கள் திரும்பி வந்ததை இந்த ஊரிலேயே பார்த்தோம். இயந்திரத்தின்மேல் ஒட்டும் பாதுகாப்பு எச்சரிக்கையை அவர்கள் படிக்கும் மொழியில் ஒட்டுங்கள். பெயரைக் கற்றுக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்களில் ஒருவரை செட்டர் ஆக்குங்கள். ஹெல்ப்பராக வந்தவர் ஹெல்ப்பராகவே திரும்பிப் போவார் என்று நாமே முடிவுகட்டிவிட்டு, பிறகு அவர்களுக்கு ஈடுபாடு இல்லை என்று சொல்லக் கூடாது.

கடைசியாக, இங்கே பலர் மனதில் இருக்கும் கேள்வி. பயிற்சி கொடுத்து, செட்டர் ஆக்கி, பக்கத்துக் கம்பெனிக்குத் தாரைவார்க்கவா? நியாயமான கேள்வி. சிலர் போவார்கள். போகட்டும். பயிற்சி கொடுக்காத இடத்திலிருந்தும் நல்லவர்கள் போகத்தான் செய்கிறார்கள், அங்கே அந்த இடத்தை நிரப்ப ஆள் தயாராக இருப்பதில்லை என்பது மட்டும் வித்தியாசம். ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் கீழே இன்னொருவர் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால், ஒருவர் போவது நம்மை முடக்காது. கீழே இருப்பவருக்கு மேலே இடம் திறக்கும், அது அவரை இன்னும் சில ஆண்டு நிறுத்தும்.

போகிறவரைக் கண்ணியமாக அனுப்புங்கள். கடைசி நாளிலேயே கணக்கு முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையில் கொடுங்கள். பி.எஃப். விஷயத்துக்கு அவரை அலையவிடாதீர்கள். தேநீர் வாங்கிக்கொடுத்து, திரும்பி வர நினைத்தால் வா என்று சொல்லுங்கள். வெளியே இரண்டு வருஷம் வேறு இயந்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருபவரைப்போல மதிப்புள்ள ஆள் கிடைக்கமாட்டார்.

போகும்போது ஏன் போகிறாய் என்று கேட்கும் வழக்கம் பல கம்பெனிகளில் வந்துவிட்டது. அப்போது கேட்டால் உண்மை வராது. சான்றிதழ் நம் கையில் இருக்கும்போது யார் உண்மையைச் சொல்வார்? இருப்பவரிடம் கேளுங்கள். உங்கள் கம்பெனியில் நாளைக்கே போக முடிந்த ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவரோடும் சூப்பர்வைசர் இல்லாமல் அரைமணி நேரம் உட்காருங்கள். இந்த ஒரு வருஷத்தில் இங்கே என்ன புதிதாகக் கற்றாய், உன் வேலையை நன்றாகச் செய்யவிடாமல் எது தடுக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். சொன்னதில் செய்யக்கூடிய ஒன்றை அடுத்த சம்பளத் தேதிக்குள் செய்யுங்கள். செய்ய முடியாததை, ஏன் முடியாது என்று அவரிடமே சொல்லுங்கள். யார் சொன்னது என்பதை மட்டும் அவருடைய சூப்பர்வைசரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன். பணியாளர் துறையில் இருக்கும் பெண்கள் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.